கட்டினோமா, கட்டுவித்தோமா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனைச் சொல்லுவோரும் கேட்போரும் பெரும்பாலும் பணச் செலவையே கருதுகின்றனர். கையிருப்புக் கரையும், கடன் ஏறும், ஆதலின் எச்சரிக்கையாயிரு என்பதே அதன் கருத்தென்று கொள்ளுகின்றனர். ஆயின், பழமொழியின் சொற்களை உள்ளபடி நோக்கினால் வேறொரு பொருளும் புலப்படும். 'கட்டிப் பார்' என்று அது ஏவுகின்றதேயன்றிக் 'கட்டுவித்துப் பார்' என்று ஏவவில்லை. வீடு கட்டினேன் என்று பெருமையுடன் சொல்லுவோருள் ஒரு செங்கல்லையேனும் தம் கையால் எடுத்து வைத்தவர் எத்தனை பேர்?

இலக்கண நூலார் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். தொழிலைத் தானே செய்பவனை இயற்றுதற் கருத்தா என்றும், பிறரைக் கொண்டு செய்விப்பவனை ஏவுதற் கருத்தா என்றும் வகுத்தனர். தச்சனால் ஆகிய கோயில், அரசனால் ஆகிய கோயில் என இரண்டுக்கும் எடுத்துக்காட்டுத் தந்தனர். கோயில் ஒன்றே, அதற்குக் கருத்தாக்கள் இருவர். தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய முதலாம் இராசராசன், தன் கல்வெட்டில் அக்கோயிலைத் தான் எடுத்ததாகக் கூறவில்லை, எடுப்பித்ததாகவே கூறுகின்றான். வீரசோழன் குஞ்சரமல்லன் என்னும் இராசராசப் பெருந்தச்சனுடைய பெயரும் அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. முடி சூடிய வேந்தன் சொல்லிற் காத்த நேர்மையை, மாதத் தவணையில் அடுக்குமாடி வீடொன்றை வாங்கிச் சமையலறைத் தரைக்குப் புதுக்கல் பதிப்பித்த நாம் காப்பதில்லை. சமையலறையைப் புதிதாய்க் கட்டினேன் என்று கூசாது சொல்லுகின்றோம்.

ஒருவன் உண்மையாகவே தன் கையாற் கட்டினால் அவனுக்கு வந்து சேர்வது யாது? இக்கேள்வியை மாளிகையை வைத்து ஆராய்தல் இயலாது; மாளிகையை எவனும் தனியே கட்டுவதில்லை. ஆதலின் மிகச் சிறிய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண்வெட்டியும் பூவாளியும் உரமூட்டையும் மழையில் நனையாதிருக்கத் தோட்டத்து மூலையில் எழுப்பும் கொட்டகையே அது. மேல்நாடுகளில் வீட்டின் பின்புறத்தில் இத்தகைய கொட்டகையைத் தானே கட்டிக்கொள்ளுதல் குடும்பத் தலைவர்கள் பலருக்கு ஓய்வு நாட் கலையாக இருந்துவருகின்றது. அறுத்துத் துளையிட்ட பலகைகளைக் கட்டாக விற்கும் கடைகளும் அங்குண்டு. இக்கலை இப்போது நம்மவரிடையேயும் பரவுகின்றது. இதில் அறம் பற்றிய வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. அதனை ஆராய்வதற்குச் சிங்கப்பூரைப் போல ஏற்ற ஊர் மற்றொன்றில்லை.

என்னை? இவ்வூரில் தனக்கென்று ஒரு முழ மண் உடையவன் அரியன். ஒரு காலத்தில் இங்குள்ள கம்பங்களில், நிலம் பிறருடையதாயினும், அதற்கு வாடகை கொடுத்துக்கொண்டு, பலகையாற் சுவர் அடித்து, அத்தாப்பு ஓலையாலோ தகரத்தாலோ கூரையிட்டு மக்கள் வாழ்ந்தனர். பலர் தம் கையாலும் அண்டை அயலார் கையாலுமே வீடு எழுப்பினர். மலாய் மக்கள் கோத்தோங் ரோயோங் என்று வழங்கும் கூட்டுழைப்பு அன்று எல்லா இனத்தாருக்கும் பொதுவாயிருந்தது. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961-ஆம் ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறக்குறைய 16,000 மக்களை வீடற்றவராக்கியது. நெருப்புக்கு இரையாகும் ஓலைக் குடிசையினின்று மக்களை மீட்க வேண்டும் என்பதை அத்தீ எல்லோருக்கும் உணர்த்தியது. அடுக்குமாடிகள் விரைந்து எழுந்தன. இன்று இந்நாட்டு மக்களுள் பத்தில் எட்டுப் பேர் அளவில் அக்கழகத்தின் வீடுகளில் வாழ்கின்றனர். அவ்வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைக்கே உரியவை. பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் ஒரே கம்பம் என்று பெயர் பெற்ற லோரோங் புவாங்கோக்கைக் காண இளைஞர்கள் காட்சிசாலைக்குச் செல்வதுபோற் செல்கின்றனர்.

இந்த மாற்றத்தை நாம் குறை கூற வரவில்லை. கழிப்பிடமும் குழாய்நீரும் மின்விளக்கும் இல்லாத வாழ்வைக் கவிதையாக்கிப் புகழ்வோர், அவ்வாழ்வை ஒரு வாரம் வாழ்ந்து பார்த்தல் நன்று. ஆயினும், நலம் பல பெற்ற இம்மாற்றத்தில் ஒன்று கைநழுவிப் போயிற்று. தன் தலைக்குமேல் உள்ள கூரை எவ்வாறு நிற்கின்றது என்பதை அறியாத தலைமுறையொன்று தோன்றிவிட்டது. 2005-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர்த் தனிப் பயிர்ப் பாத்திகளை மூன்றாண்டுக் குத்தகைக்கு விடும் ஏற்பாடும் வந்தது. பாத்தியொன்றின் அளவு இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதில் வெண்டைக்கு இடமுண்டு, கொட்டகைக்கு இடமில்லை. ஆனால், ஆயிரத்தைக் கடந்துவிட்ட சமூகத் தோட்டங்களில் அண்டை வீட்டார் பலர் கூடி, நகர மன்றத்தின் இசைவு பெற்று, பொதுக் கொட்டகை அமைத்துக்கொள்ளுதல் உண்டு. நகரத்து மனிதன் சுத்தியலைக் கையில் எடுக்கும் அரிய இடங்களுள் அஃது ஒன்று.

அவனை நோக்கி, ஐயா, இதனால் நீர் பெறுவது யாது என்று கேட்டால், முதலில் வரும் விடை, 'தன் கையே தனக்குதவி' என்பதாகும். பிறரை எதிர்பாராது வாழும் தன்னுரிமையை இதனாற் பெற்றேன் என்பான். இவ்விடையைப் பரிசோதிப்போம்.

தன் கையாற் குடில் கட்டி வாழ்ந்தோருள் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்க நாட்டுத் தோரோ. அவர் 1845-ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரையில் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உள்ள சிறு வீட்டைக் கட்டினார். அதற்கான செலவு 28 டாலரும் பன்னிரண்டரைக் காசும் என்று கணக்கெழுதி வைத்தார். தன்னுதவிக்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ என்று பலர் வியப்பர். ஆயின், அவர் எழுதிய நூலையே ஊன்றிப் படித்தால், மரம் வெட்டிய கோடரி இரவல் வாங்கியது என்பதும், சட்டங்களைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தனர் என்பதும் தெரியவரும். நிலமோ அவர் நண்பர் எமர்சனுடையது. சுவருக்கான பலகைகள் எங்கிருந்து வந்தன? இருப்புப் பாதை வேலை செய்துவந்த ஐரிஷ் தொழிலாளி ஒருவருடைய குடிசையை 4 டாலர் 25 காசுக்கு வாங்கி, அதைப் பிரித்தெடுத்த பலகைகள் அவை. தொழிலாளியின் குடும்பம் தன் உடைமைகளை மூட்டை கட்டிக்கொண்டு விடியற்காலையில் வெளியேறிற்று. அறிஞரின் குடிலுக்கு உழைப்பாளியின் குடிசை உடலாயிற்று. தோரோ இவற்றை மறைக்கவில்லை. அனைத்தையும் எழுதி வைத்தார். அவரைப் புகழ்ந்து பேசுவோரே இவற்றை மறந்துவிடுகின்றனர்.

நம் தோட்டத்துக் கொட்டகையும் அத்தகையதே. ஆணி எங்கோ ஓர் ஆலையில் செய்தது; தகரம் வேறொரு நாட்டினின்று கப்பலேறி வந்தது; பலகை யார் யாரோ அறுத்தது. சிராங்கூன் சாலைக்கு அருகே சுங்கை ரோட்டில் பழம்பொருட் சந்தையொன்று 1930-களில் தோன்றி, 2017-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று மூடப்பெறும் வரை நடந்துவந்தது. அத்தகைய சந்தையில் வாங்கிய பழைய சுத்தியலின் பிடி வழவழப்பாயிருக்கும். முன்னர் அதைப் பிடித்திருந்த ஒருவனுடைய உள்ளங்கை பல ஆண்டு தேய்த்த தேய்வு அது. அதை வாங்கி வந்து, எல்லாம் என் கையால் ஆயிற்று என்று சொல்லுதல் பொருந்துமோ? பிறரை எதிர்பாராத கட்டடம் என ஒன்று உலகில் இல்லை. ஆதலின் முதல் விடை நில்லாது.

இரண்டாவது விடை, 'நான் உழைத்தேன். ஆதலின் இது என்னுடையது' என்பது. இதற்குப் பெரிய அறிஞர் ஒருவரின் துணையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அறிஞர் லாக், பொதுவாய்க் கிடக்கும் பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்குங்கால் அஃது அவனுடைய உடைமையாகின்றது என்று வாதித்தார். கேட்பதற்கு நேர்மையான கொள்கை. ஆயின், தம் வேலைக்காரன் வெட்டிய புற்கரணையும் தம்முடையதே என்று அதே நூலில் அவர் எழுதிச் செல்கின்றார். வெட்டியவன் ஒருவன், உடையவன் ஒருவன். இயற்றுதற் கருத்தாவின் வியர்வை, ஏவுதற் கருத்தாவின் உடைமையாக ஒரு வரியில் மாறிவிடுகின்றது.

சிங்கப்பூரின் வரலாறு இவ்வரியின் விரிவுரையாகவே இருக்கின்றது. 1825-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1873-இல் அக்கைதிக் குடியிருப்புக் கலைக்கப்படும் வரை, சாலைகளையும் பாலங்களையும் பொதுக் கட்டடங்களையும் அவர்கள் அமைத்தனர். 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகை அவர்கள் கட்டியது; இன்று அதுவே அதிபர் மாளிகையான இஸ்தானா. 1862-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கட்டியதே. அதன் உட்சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும், தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, சென்னைச் சுண்ணச் சாந்து பூசிப் பளபளக்கத் தேய்த்தனர். எல்லாவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. பிராஸ் பாசாவில் எழுந்த தம் சிறைச்சாலையையும் அவர்கள் தாமே கட்டினர். அவர்களுட் சிலர் அச்சிறைக்குக் காவலராகவும் அமர்த்தப்பட்டனர். கைதிகளின் மேற்பார்வையாளராயிருந்த மக்நேர் 1899-இல் இதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

தன் கையாற் கட்டியது தன்னுடையதாகும் என்றால், கைதிக்குச் சிறை உடைமையாயிற்று என்றல்லவோ முடியும்! அடுக்குமாடிகளையும் சுரங்க இரயிற் பாதைகளையும் கட்டி முடித்த தமிழ்நாட்டாருக்கும் வங்காளதேசத்தாருக்கும் சீனருக்கும் அவற்றில் ஓர் அறைகூட உரிமையாகவில்லை. கட்டி முடிந்த நாளில் சாவியை வேறொருவர் பெறுகின்றார். கட்டியவர் அடுத்த வேலைத்தளத்துக்கு லாரியேறுகின்றார். இது ஒப்பந்தப்படி நடப்பது, கூலி கொடுத்தாயிற்று என்று கூறலாம். கூறுக. ஆனால், ஊரெல்லாம் கட்டியவனுக்குக் கூலியோடு உறவு முடிந்தது என்று சொல்லும் வாய், ஆறடிக் கொட்டகையைக் கட்டிவிட்டு, உழைத்தேன், ஆதலின் என்னுடையது என்று சொல்லலாகாது. கொள்கை ஒன்றானால் இருவருக்கும் ஒன்றாக வேண்டும். ஆகவே, இரண்டாவது விடையும் அவ்வளவு எளிதில் நிற்பதன்று.

உதவியும் அன்று, உடைமையும் அன்று என்றால், தன் கையாற் கட்டுவதனாற் பயன் ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அதனைக் காண வேலையின் அருகிற் செல்ல வேண்டும்.

ஆறடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள கொட்டகைக்கு நான்கு மூலையும் சதுரமாயிருத்தல் வேண்டும். கண்ணளவு இதற்கு உதவாது. மூலைக்கு மூலை அளவு நாடாவைப் பிடித்தால், இரு குறுக்களவும் சரியாகப் பத்தடி இருக்க வேண்டும். ஒன்று பத்தடியும் மற்றொன்று பத்தடி இரண்டு அங்குலமுமாயின், தரை கோணிற்று என்று பொருள். காலை நட்டபின் தூக்குக் குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டத்தின்மேல் ரசமட்டம் வைத்தால், அதன் குமிழி நடுவில் நிற்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இவ்வூரில் மரக்காலை மண்ணில் நேரே புதைத்தால் கறையானும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். காங்கிரீட்டுக் கட்டையின்மேல் நிறுத்துதல் வேண்டும். வளைதகரத்தைத் தாழ்வாரத்தினின்று மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்க வேண்டும். திருகாணியைத் தகரத்தின் மேட்டில் இறக்க வேண்டும். பள்ளத்தில் இறக்கினால், நீர் ஓடும் வழியிலேயே துளையிட்டதாக முடியும். கூரையிலோ மூலையிலோ நீர் தேங்கினால் கொசு பெருகும். டெங்குக் காய்ச்சலுக்கு அது பிறப்பிடமாகும்.

இவை சிறு செய்திகளே. ஆயினும் இவற்றுள் ஒவ்வொன்றும் மனத்தின்மேல் ஒரு வேலை செய்கின்றது. பேச்சால் வெல்லப் பழகியவன் தூக்குக் குண்டின் முன் நிற்கும்போது, பேச்சு செல்லாத இடமொன்று உண்டென்பதை அறிகின்றான். குமிழியை எவரும் சொல்வன்மையால் நடுவுக்கு நகர்த்த முடியாது. பதவி, படிப்பு, குலம், பரிந்துரைக் கடிதம் ஆகிய ஒன்றுக்கும் அஃது இணங்காது. அடுத்தபடியாக அவன் அறிவது இன்னும் பெரிது. ஒரு காலை நேரே நிறுத்த அரை நாள் முயன்றவன் அன்று மாலை வீடு திரும்பும்போது, இருபத்தைந்து மாடிக் கட்டடத்தின் விளிம்பை அண்ணாந்து நோக்குகின்றான். முன்னர் அவன் அதனை ஆயிரம் முறை கண்டிருப்பான். அந்த விளிம்பு நேராயிருக்கின்றது என்பதை அன்றுதான் காண்கின்றான். அது தானே நேராகவில்லை, எவனோ ஒருவன் வெயிலிலும் மழையிலும் நின்று நேராக்கினான் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிகின்றது.

கையால் வரும் அறிவு இதுவே. ஒருவன் கட்டக் கட்ட, பிறருக்குத் தான் பட்டிருக்கும் கடன் அவன் கண்ணுக்குப் புலனாகின்றது. தன்னுதவியை நாடித் தொடங்கியவன் பிறருதவியை உணர்ந்து முடிக்கின்றான். இப்பயனைப் பெறாது கொட்டகையை மட்டும் பெற்றவன், கடையில் ஒன்று வாங்கியிருக்கலாம், நேரமாவது மிஞ்சியிருக்கும்.

இப்பயன் தானாக வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேக்கா வட்டாரத்துக்கு அருகே அடுக்குமாடிகளின் நடுவிலுள்ள ஒரு தோட்டத்தில் நாம் சிலர் கூடிக் கொட்டகைக்குச் சட்டம் இணைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் வேலியருகே நின்று பார்த்தார். பேச்சால் புதுக்கோட்டைப் பக்கத்தவர் என்று தெரிந்தது. விடுமுறை நாளில் சாமான் வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வந்தவர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதற்கு எவ்வளவு சம்பளம் அண்ணே?" என்று கேட்டார். சம்பளம் ஒன்றுமில்லை, விருப்பத்தினாற் செய்கின்றோம் என்று விடை கூறினோம். அவர் சிரித்து, "கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அச்சொல்லில் பொறாமையும் இல்லை, ஏளனமும் இல்லை. ஆனால், நாம் ஆராயும் பொருளின் மையம் அச்சொல்லில் இருந்தது.

ஒரே சுத்தியல், ஒரே ஆணி, ஒரே வெயில். விருப்பத்தினாற் செய்பவன் கையிலிருக்கும்போது அது கலை. வயிற்றுக்காகச் செய்பவன் கையிலிருக்கும்போது அது கூலிவேலை. முன்னவனை அயலார் சூழ்ந்து நின்று பாராட்டுவர். பின்னவன் வேலையழுக்கோடு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாயிருக்கும். உழைப்பு உயர்ந்தது என்று மேடையில் முழங்குகின்றோம். உண்மையில் நாம் உயர்வாகக் கருதுவது, உழைக்க வேண்டிய தேவையில்லாதவனுடைய உழைப்பையே. இது நமது ஒழுக்கத்தில் உள்ள பெரும் பொய்.

இப்பொய்யின் வேர் நம்மவரிடையே மிக ஆழமாகச் சென்றிருக்கின்றது. கல் செதுக்கியவனையும் சுமந்தவனையும் பிறப்பால் தாழ்த்தி, அவர்களுட் பலரைத் தாம் எழுப்பிய கோயிலுக்குள் நுழையவும் விடாத சமுதாயம் நம்முடையது. மதுரை மீனாட்சி கோயிலிலேயே அக்கதவு திறக்க 1939-ஆம் ஆண்டு ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலாயாவுக்குத் தமிழன் கப்பலேறிய போது இவ்விழிவும் உடன் ஏறி வந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கும் பின் சிங்கப்பூருக்கும் வந்து பேசியதும், தொடர்ந்து இங்குச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும் இதனை எதிர்த்தேயாகும். பிறப்பின் பெயரால் இருந்த அவ்விழிவு, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் வேறு உடை உடுத்திக்கொண்டது. கையில் அழுக்குப் படாத வேலையே மேலான வேலை என்பது எந்தப் பாடநூலிலும் அச்சிடப்படாமல் எல்லா வகுப்பிலும் கற்பிக்கப்பட்ட பாடம். தோட்டத்துக் கிராணி வகுப்பினராகிய நம்மைவிட இதனை நன்கறிந்தவர் இலர். காலைப் பெரட்டில் பெயர் அழைத்து, ஆள்கணக்குப் புத்தகத்தில் அரை நாள், முழு நாள் என்று குறி போடும் பேனா, மண்வெட்டியைவிடக் கனம் குறைந்தது. ஆயினும் மதிப்பில் அதனினும் கனத்தது. ஒரு மனிதனுடைய நாள் முழுதும் நம் கணக்கில் ஒரு கோடு. அக்கோட்டுக்குள் என்ன இருக்கின்றது என்பதைக் கை அறியாதவரை, மனமும் அறியாது.

இனி, இதற்கு ஒரு தடை கூறப்படலாம். நீங்களே கட்டிக்கொண்டால் தச்சனுடைய கூலி போயிற்று. உங்கள் பொழுதுபோக்கு ஏழையின் பிழைப்புக்குக் கேடு. கூலி கொடுத்துச் செய்வித்தலே அவனுக்கு நன்மை என்பர். இது முற்றும் தள்ளத்தக்க வாதமன்று. வேலை தேடும் தச்சர் இருக்க, சில வெள்ளிகளை மிச்சப்படுத்துவதற்காகவே ஒருவன் தானே சுத்தியல் பிடிப்பானாயின், அவன் செய்வது சிக்கனம். அதில் அறம் என்று பேச ஒன்றுமில்லை. ஆனால், இருவகை வேலையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. 1910-ஆம் ஆண்டு மே மாதம் தென்னாப்பிரிக்காவில் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் ஏறக்குறைய 1,100 ஏக்கர் பண்ணை ஒன்றைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக விட்டுக்கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் தமிழரும் குசராத்தியரும் பிறரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பார்சியரும் ஒன்றாய் வாழ்ந்தனர். வளைதகரத்தால் அமைந்த வீடுகளைத் தொழிலறிந்த சிலருடன் சேர்ந்து, அவர்களிடம் கற்றுக்கொண்டு, தாமும் உழைத்தே எழுப்பினர். அங்கு வழக்கறிஞர் காந்தியும் வரைபடம் எழுதிப் பழகிய காலன்பாக்கும் தொழிலாளரின் இடத்தைப் பறிக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் சென்று நின்றனர். கற்றுக்கொடுப்பவன் கூலியாள், கற்றுக்கொள்பவன் படித்தவன் என்ற நிலை ஏற்பட்ட இடத்தில், இழிவு என்னும் சொல்லுக்கு வேலை இல்லாமற் போகின்றது.

ஆகவே, தன் கையாற் கட்டுதல் நன்றா என்பதற்கு நம் விடை இது. கட்டியபின் ஒருவன் கட்டுவோரை எப்படி நடத்துகின்றான் என்பதே அதற்கு அளவுகோல். 2008-ஆம் ஆண்டில் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியொன்று அமையும் என்ற செய்தி பரவியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனை எதிர்த்து விண்ணப்பத்திற் கையெழுத்திட்டனர். கையெழுத்திட்டவர் வீடுகளைக் கட்டியவர் யார் என்பதை அவ்விண்ணப்பம் கேட்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவிய போது, இந்நாட்டு நோயாளிகளுட் மிகப் பெரும்பாலோர் அத்தகைய விடுதிகளில் நெருக்கமாய் வாழ்ந்த தொழிலாளராகவே இருந்தனர். ஓர் அறையிற் பலர் படுத்துறங்கும் வாழ்வு அப்போதுதான் ஊரார் பலருக்குச் செய்தியாயிற்று. வீடு கட்டுகின்றவனுக்கு எத்தகைய வீடு என்ற கேள்வியை நோய் வந்து கேட்க வேண்டியிருந்தது.

சுத்தியல் பிடித்தறிந்த கை, அத்தகைய விண்ணப்பத்திற் கையெழுத்திட முன்வருங்கால் சற்றே தயங்க வேண்டும். வீட்டைப் பழுது பார்க்க வந்தவர் கேட்ட கூலியை, இவ்வளவா என்று குறைக்க வாய் திறக்குங்கால் தன் அரை நாள் முயற்சியை நினைக்க வேண்டும். பேருந்தில் சிமென்டுத் தூசி படிந்த சட்டையோடு ஒருவர் அமர்ந்திருந்தால் பக்கத்திற் சென்று அமர வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்பதோடு, மூலைமட்டம் பிடிக்கவும் கற்பித்து, அதனைப் பிடித்து வாழ்வோரின் பெயரைக் கேட்டறியவும் கற்பிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் நிகழாதாயின், கட்டிய கொட்டகை மண்வெட்டியை மழையினின்று காக்கும். கட்டியவனை அவன் செருக்கினின்று காவாது.

பள்ளியிற் படித்த இலக்கணத்தை வாழ்க்கைக்கு உதவாதது என்று நாம் எண்ணிவிட்டோம். அரசனும் தச்சனும் ஒரே கோயிலின் இரு கருத்தாக்கள் என்று அது சொன்னபோது, நாம் தேர்வுக்காக மனனம் செய்தோமேயன்றி, நம் வீட்டின் கருத்தாக்கள் யாவர் என்று வினவவில்லை. இனியேனும் வினவுவோம். இவ்வூரில் நாம் நடக்கும் பாலத்தையும் உறங்கும் அறையையும் குறித்துப் பேசுங்கால் கட்டுவித்தோம் என்றே சொல்லுவோம். கட்டியவர் யார் என்று பிள்ளை கேட்டால் விடை சொல்லத் தெரிந்துகொள்வோம். தோட்டத்துக் கொட்டகை ஒன்றையேனும் சேர்ந்து கட்டிப் பார்ப்போம்; கட்டினோம் என்ற சொல்லுக்கு விலை என்ன என்பது அப்போது விளங்கும்.